இருபத்தேழாவது காவி

பண்ணைப் பாலம், பின்னேரம் ஐந்தரை.
களப்புக்குள் அரை மைல் தள்ளி றெஜினோல்ட்டின் வள்ளம்.
மீன் போடும் ஐஸ் பெட்டிக்குள்
பொலித்தீன் சுற்றிய அனுப்பி.
இங்கே என் மடியில் கணினி,
காற்றுக்கு ஆடும் அன்ரெனா.

அறுபத்து நாலு காவி அலைகள்
ஒரே மூச்சில் புறப்படுகின்றன,
ஆளுக்கொரு சுமையோடு.

நேரே வருவது ஒன்று.
தட்டையான நீரில் சறுக்கி வருவது ஒன்று.
கோட்டை மதிலில் முட்டிக்கொண்டு
கொஞ்சம் பிந்தி
அதே சொல்லை மறுபடி கொண்டுவருவது இன்னொன்று.
சேருமிடத்தில் சில காவிகள் உயர்கின்றன,
சில ஒன்றையொன்று தின்று முடிக்கின்றன.
இன்றைக்கு இருபத்தேழாவது
அடி வற்றிப்போய்க் கிடக்கிறது.

பிந்தி வருவதற்கு இடம் வைத்திருந்தேன்:
ஒவ்வொரு குறியீட்டின் வாலையும் நகலெடுத்து
தலைக்கு முன்னால் ஒட்டி.
அது பிந்தியதற்கு மட்டும். வற்றியதற்கு?

முதல் எழுதிய சமனாக்கி முரடு.
தண்ணீர் எதால் பெருக்கியதோ அதால் வகு,
அவ்வளவுதான்.
வகுத்தேன்.
பூச்சியத்துக்குப் பக்கத்து வீட்டு எண்ணால் வகுத்தால்
எழும்பி வருவது இரைச்சல்,
நான் காத்திருந்த சொல்லின் உடுப்பைப் போட்டுக்கொண்டு.

போனில் றெஜினோல்ட்: "கேக்குதோ மிஸ்?"
"கேக்குது.
ஆனா நீங்கள் அனுப்பினது இல்லை."

பகுதியெண்ணில் இரைச்சலின் அளவைக் கூட்டினேன்.
ஒரு வரி, பதினொரு எழுத்துத் தட்டல்.
உயர்ந்து நின்றவை ஏறக்குறைய அப்படியே நிமிர்ந்தன.
இருபத்தேழு நிமிரவில்லை,
கத்தவும் இல்லை.
அதன் பாரத்தில் ஒரு பங்கை முன்னமே
தூரத்துக் காவிகளில் ஏற்றி வைத்திருந்தேன்.
பிழை நூறில் ஒன்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கியது.
பெருமூச்சு விட்டேன் என்று எழுத ஆசை.

அதற்குள் வேலணை பஸ்,
பாலம் முழுக்கத் தகரம்.
புதிதாய் ஓர் எதிரொலி முளைத்தது.
இருபத்தேழு பொங்கி மேலே வர
நாற்பதாவது விழுந்தது.
கையில் இருந்த கணக்கு
அரை நிமிடம் முந்திய களப்பினுடையது.

எட்டுக்கு ஒரு காவி என்ன சொல்லும் என்று
எனக்கு முன்னமே தெரியும்.
தெரிந்த சொல் எவ்வளவு கோணி வருகிறதோ
அவ்வளவுதான் இந்தக் கணத்துத் தண்ணீர்.
எட்டை நாலாக்கினால்
சொல்லவந்த சேதிக்கு இடம் குறையும்.
குறையட்டும்.

"இருட்டுது மிஸ். இன்னும் என்னத்தை அனுப்ப?"

"எனக்குத் தெரிஞ்சதையே அனுப்புங்கோ,
இன்னும் நெருக்கமா."