ஓடிய தூரம்

சிப்காட் தாண்டி முதுநகர் போகும் சாலையில்
ஷர்புதீன் கடைக்குப் பலகை கிடையாது.
வெளியே கவிழ்ந்து கிடக்கும் படகு இன்ஜின்தான் விலாசம்.
உப்புக்காற்றுக்கு நாலு மாதம் போதும்,
கேட், நங்கூரம், கட்டடக் கம்பி, மாட்டு லாடம்
எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.
எது உருக்கு, எது வெறும் இரும்பு
கண் சொல்லாது.

அதனால் பையில் கிரைண்டரோடு போகிறேன்.
வாசல் பிளக்கில் சொருகி
ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஒரு நொடி தொடுவேன்.
கம்பி நீளமாய், சோம்பலாய்
வைக்கோல் உதிர்வதுபோல் பொறி விடும்.
உருக்கு புறப்பட்ட இடத்திலேயே வெடிக்கும்
கிளைக்குள் கிளை, அதற்குள் கிளை,
மழை பெய்யாத வருடத்துத் தீபாவளி.

போன தடவையும் அப்படித்தான் வெடித்தது.
விருத்தாசலம் போய்ப்போய் வந்த பஸ்ஸின் பட்டை.
அடித்து, தீட்டி, பிடி போட்டு
அஞ்சலாட்சியிடம் கொடுத்தேன்.
தேவனாம்பட்டினம் கரையில் நாலு பேர் பார்க்க
அதைத் திருப்பிக் காட்டினாள்.
வாயில் பிறைபோல் ஒரு துண்டு இல்லை.
"முள்ளுல பட்டுச்சு. போயிடுச்சு.
அந்தத் துண்டு எந்த மீனுக்குள்ள போச்சோ,
எவன் வீட்டுக் கொழம்புல கெடக்கோ."

உள்ளே முடியளவு விரிசல் இருந்திருக்கிறது.
ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம், ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம்,
இருபது வருடம்.
பொறி கரிச்சத்தைச் சொல்லும்.
களைப்பைச் சொல்லாது.

ஆகவே இன்று கேட்டேன்,
"இது எந்த வண்டி பாய்?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சத்தியமா ஆக்சிடென்ட் வண்டி இல்லப்பா.
வயசாகி வந்த லாரி.
நல்லபடியா ஓடி முடிச்சது."
அதுதான் என் பயம் என்று நினைத்துவிட்டார்.
வீட்டு கேட்டுக்கு இரும்பு வாங்குகிறவர்கள்
கேட்பது அதைத்தான்.

எனக்கு வேண்டியது நல்லபடியாய் முடித்தது அல்ல.
தொடங்கியதுமே நின்றுபோனது.
இதை ஒரு மனுஷனிடம் எந்த வார்த்தையில் கேட்பது?
லாரிப் பட்டையைக் கீழே வைத்தேன்.
வேறு எதையும் எடுக்காமல் நின்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து
பூவரசு அடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை
முகவாயால் காட்டினார்.
"குட்டியானை. ஆறு மாசம்."
டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று
ரோட்டைக் கடந்து போனார்.

பட்டையில் கம்பெனிக் கறுப்பு அப்படியே இருந்தது.
போல்ட்டில் பூசை போட்ட மஞ்சள் கயிறு.
பக்கத்தில் சாய்ந்திருந்த கதவில்
நசுங்கியது போக மிச்சம்
'ஷினி துணை'.
கிரைண்டரை வைத்தேன்.
அவ்வளவு அழகான பொறியை
நான் பார்த்ததில்லை.

பதினொன்றே கால் கிலோ.
இரண்டு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேசுகிறவர்கள் நாங்கள்.
அன்று அவர் சொன்னதை நான் கொடுத்தேன்.
கயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல்
பூவரசில் ஒரு கிளையில் கட்டிவிட்டு வந்தேன்.

காந்தம் ஒட்டாத சூடு வரைக்கும் காய்ச்சி
பஜ்ஜிக்கடைக் கழிவெண்ணெயில் இறக்கினேன்.
தெரு முழுக்க வாழைக்காய் வாசம்.
மிச்சத் துண்டையும் அதேபோல் காய்ச்சி, தோய்த்து
வைஸில் மாட்டி உடைத்துப் பார்த்தேன்.
சலித்த சாம்பல்போல் மணி,
ஒரு கருங்கோடு இல்லை.

அஞ்சலாட்சி கட்டைவிரலால் வாயைத் தடவினாள்.
"எந்த இரும்பு?"
"பட்டை."
"மறுபடியும் பழசா?"
"புதுசு. ஆறு மாசம்தான் ஓடினது."
கத்தியைத் திருப்பி வெயிலில் பார்த்தாள்.
"புதுசை எவன் எடைக்குப் போடுவான்?"

பதிலுக்கு நிற்கவில்லை அவள்.
ஐந்து கிலோ வஞ்சிரம், காத்திருக்கும் ஆள்.
நடுமுள்ளில் சத்தமில்லாமல்
இறங்கியது கத்தி.