நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எப்சிபா ஆன்ட்டி ஒரேயடியாக ஊருக்குப் போனபோது
லிஃப்ட் பக்கத்தில் விட்டுப்போனது
ஒரு இஸ்திரிப் பெட்டி, கால் ஒடிந்த துணி ஸ்டாண்டு,
வாழைப்பழ அட்டைப்பெட்டி நிறைய நாவல்கள்.
இஸ்திரிப் பெட்டியை வாட்ச்மேன் எடுத்துக்கொண்டார்.
நாவல்களை நாலு நாள் யாரும் தொடவில்லை.

ரூவியில் என் பள்ளிக்கூடத்தில்
எனக்கு இரண்டாம் மொழி பிரெஞ்சு.
தமிழ் படித்தது அம்மாவின் ஜெபப் புத்தகத்திலும்
மசாலாப் பாக்கெட்டின் முதுகிலும்.
ஆகவே மெதுவாகத்தான் போனேன்,
ழகரம் வரும்போதெல்லாம்
ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி.

முதலில் பேய்க்கதை.
பங்களாவில் கரண்ட் போகிறது, கும்மிருட்டு.
எங்கள் வீட்டில் இருட்டே கிடையாது.
எதிர் ஹைப்பர்மார்க்கெட்டின் பச்சை எழுத்து
விடிய விடிய எங்கள் சுவரில்தான் எரியும்.
இங்கே வரும் பேய் பச்சையாக, தள்ளுபடி விலையில் வரும்
என்று சிரித்தேன்.
அன்றிரவு ஏசிக்குப் பின்னால் புறா அசைந்ததற்கு
தம்பியை எழுப்பி
உனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

ராஜா கதையில் எழுநூறு பக்கம், ஒரு ஆறு.
எனக்குத் தெரிந்த ஆறு
நடுவில் தார்ரோடு போகிற ஆறு; இங்கே அதற்குப் பேர் வாடி.
மழை வந்தால் அப்பா வண்டியை நிறுத்தி
சிவப்பு வெள்ளைக் கம்பத்தைப் பார்ப்பார்,
தண்ணீர் எதுவரை என்று.
கரையில் குதிரையோடு நின்ற இளவரசனிடம்
கம்பத்தைப் பாருடா, சிவப்பைத் தொட்டாச்சு, திரும்பு
என்று சொல்லிப் பார்த்தேன்.
இறங்கினான். குதிரை செத்தது.
அவன் முடிசூடியதை
நான் இன்னும் மன்னிக்கவில்லை.

துப்பறியும் கதைக்குக் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
டாக்டர்தான் கொலைகாரன் என்றேன்.
சமையல்காரன் என்றாள் அம்மா.
அப்பா கேட்டார்:
பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது?

காதல் கதையில் ஒரு கடிதம் தவறிப் போகிறது.
அதற்காக அவள் நாற்பது பக்கம் அழுகிறாள்.
ஒரு மிஸ்டு கால் கொடுத்தால்
கதை இருபதாம் பக்கத்திலேயே முடியுமே என்றேன்.
அம்மா வெங்காயத்திலிருந்து தலை தூக்கவில்லை.
"அப்பா இங்கே தனியாக இருந்த மூணு வருஷம்
மிஸ்டு கால்தான். ஒரு ரிங், சாப்பிட்டாச்சு.
ரெண்டு ரிங், பணம் அனுப்பியாச்சு."
மூணு?
"போய்ப் படி."
போய், அந்த நாற்பது பக்கத்தையும்
மறுபடி படித்தேன்.

பெட்டியின் அடியில் ஒரு குடும்பக் கதை.
கடன், தங்கச்சி கல்யாணம், ஓட்டு வீடு.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
'செல்லையன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான்.'
நான் எழுந்து உட்கார்ந்தேன்.
எங்கள் ஊர்! எந்த பில்டிங்? எந்த ரவுண்டானா?
கீழே
மூன்று நட்சத்திரம்.
அடுத்த வரி:
'ஏழு வருடங்கள் உருண்டோடின.'
ஆட்டோவிலிருந்து இறங்குகிறான்,
கையில் பெரிய சூட்கேஸ், சட்டையில் சென்ட் வாசனை.

பக்கம் கிழிந்திருக்குமோ என்று பார்த்தேன்.
கிழியவில்லை. எண் சரியாக இருந்தது.

அப்பா பதினொரு மணிக்கு வந்தார்.
இருபது லிட்டர் பாட்டில்,
லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, முப்பத்தாறு வீடு.
இடுப்பில் புது பிளாஸ்டர் ஒட்டச் சொன்னார்.
ஒட்டினேன். எதுவும் உருண்டு ஓடவில்லை.

பென்சிலைச் சீவிக்கொண்டேன்.
முதல் நட்சத்திரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்
'காலை நாலரை, தண்ணீர் வண்டி' என்று எழுதினேன்.
அடுத்த இடைவெளியில் மூணாவது ரிங்.
இடம் போதவில்லை.
ஓரத்தில் ஏறி, மேலே போய், பக்கம் திரும்பி
அவன் இறங்கும் வரியின்மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செல்லையன் நிற்கட்டும்,
ஒரு கால் ஆட்டோவில், ஒரு கால் தரையில்,
சூட்கேஸைப் பிடித்தபடி.
இன்னும் நான் முடிக்கவில்லை.