கொப்புளக் கூடாரம், புதன்கிழமை

நைமேகன் நடையின் இரண்டாம் நாள்.
ஊரே இளஞ்சிவப்பு உடுத்தி ஆடுகிறது.
எங்கள் கூடாரத்துக்குள் மட்டும்
கிருமிநாசினி வாடையும்
நனைந்து காய்ந்த காலுறை நாற்றமும்.

பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்தவர் பெயர்
ஹெர்ட் வொல்பர்ஸ்,
ஐம்பது கிலோமீட்டர்காரர்.
கால் என் மடியில்,
முகம் வெளியே பாண்டு வாத்தியத்தின் பக்கம்.
"குத்திவிடு. வழித்து எறி.
பத்து நிமிடம்தான் இருக்கிறது."

குதிகாலில்
ஒரு நெல்லிக்காய் அளவு.

தேய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.
தேயவில்லை.
தேய்ந்திருந்தால் மேலிருந்து சிராய்ந்திருக்கும்.
இது வேறு:
காலுறை தோலைப் பிடித்து நிறுத்துகிறது,
எலும்பு முன்னே போய்விடுகிறது.
நிற்கும் தோலுக்கும் நடக்கும் எலும்புக்கும் நடுவே
அடிக்கொரு இழுபறி.
எட்டாயிரம் அடி, பத்தாயிரம் அடி,
ஒட்டிப் பிறந்த செல்கள்
எங்கோ ஓரிடத்தில் கை நழுவும்.
தோலிருக்கச் சுளை விழுங்குவது இதுதான்.
மேலே ஒரு கீறல் இல்லை,
உள்ளே ஓர் அறை காலி.

காலியாக விட்டுவைக்குமா உடம்பு?
மேல்தோலுக்கென்று சொந்தமாய்
ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது.
கீழ்வீட்டிலிருந்துதான் கசியவேண்டும்.
சிவப்பை வாசலிலேயே நிறுத்திவிட்டு
உப்பும் கொஞ்சம் புரதமுமாய் ஒரு வெளிர்நீர்
அழுத்தம் தள்ளும் பக்கம் ஏறி,
இரண்டு மணி நேரத்துக்குள்
கூரையைத் தூக்கிவிடும்.
(இன்னும் ஆழத்தில் கிழிந்து குழாயே அறுந்தால்
கறுஞ்சிவப்பு. அந்தக் கால்கள் பக்கத்து மேசைக்கு.)

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்,
நாளைக்கு நாற்பது முறை சொல்லித் தேய்ந்த வாயால்.
அந்த நீர் எதிரி இல்லை, மெத்தை.
ராத்திரிக்குள் அதன் அடியில்
செல்கள் இரட்டிக்கத் தொடங்கும்.
கூரையைப் பிய்த்தால் பச்சைத் தரைதான் மிச்சம்.
நடந்தால் அதுவாகவே உடையலாம் என்பதையும்
நான் மறைக்கவில்லை.

அவர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.
"நான் நீர் வாரியத்தில்," என்றார்.
"கரைக்காவல்."

பிறகு, யாரும் கேட்காமலே:

ஆறு எப்போதும் கரையை உடைத்து வருவதில்லையாம்.
கரைக்கு அடியில் நுழைந்து அந்தப்புறத்து வயலில்
கொதிக்கும் உலைபோல்
மணலைக் கக்கிக்கொண்டு எழுமாம்.
புது ஆள் செய்யும் முதல் தப்பு
அதன் வாயை அடைப்பது.
அடைத்தால் நாலடி தள்ளி இன்னொரு வாய் திறக்கும்.
"சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கவேண்டும்,
கிணற்றுச் சுவர் மாதிரி.
நீர் உள்ளே ஏறட்டும்.
ஏறி நிற்கும் நீரின் கனமே
கீழிருந்து வருவதை அமுக்கும்."

ஒரு ஜனவரி இரவு, ட்ரூமெல் பக்கம்,
பதினோரு மணி நேரம்
அப்படியொரு வளையத்தின் ஓரத்தில்
டார்ச்சோடு உட்கார்ந்திருந்தாராம்.
வருவது தெளிநீரா கலங்கலா,
அதை மட்டும் பார்த்துக்கொண்டு.
தெளிவாக வந்தால் பயமில்லை.
கலங்கினால்
கரையின் வயிறு கரைகிறது என்று அர்த்தம்.

"இதற்கும் அதேதான்," என்றேன்.
"கலங்கினால் ஓடி வாருங்கள்."

கம்பளித் தகட்டில் கத்தரியை ஓட்டினேன்.
வட்டம், நடுவில் ஓட்டை, இரண்டு அடுக்கு.
நெல்லிக்காயைச் சுற்றி ஒட்டியபோது
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
கால் கூசும் அளவுக்கு.
கைப்பேசி வெளிச்சத்தை அதன்மேல் பிடித்து
ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.
"தெளிவு," என்று எனக்கே அறிக்கை கொடுத்தார்.

பத்து நிமிடம் எப்போதோ போயிருந்தது.
என் கத்தரியையே கேட்டு வாங்கி
நல்ல புது ஷூவின் பின்புறத்தை
அரைவட்டமாக வெட்டி எறிந்தார்.
கிளம்பிவிட்டார்.
வெள்ளிக்கிழமை கிளாடியோலஸ் பூக்களோடு வந்த கூட்டத்தில்
அவரைத் தேடினேன். இருந்திருக்கலாம்.

அடுத்த நாற்காலிக்கு ஒரு நார்வே சிப்பாய்.
கூரையைத் தானே பிய்த்துக்
கைக்குட்டையில் மடித்து
பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான்,
திரும்ப ஒட்டலாமா என்று கேட்க.