பத்து மதிப்பெண் வினா

சமயநல்லூர் தாண்டிப் பாலத்தடியில்
வண்டி நின்றுவிட்டது. ஆக்ஸில்.
பின்னால் நிலக்கோட்டை மல்லிகை பதினோரு மூட்டை,
வழியில் சோழவந்தானில் ஏற்றிய
ரஸ்தாளி நாற்பது தார்.
இரண்டு வாடகை வருமே என்று
நான்தான் இரண்டையும் சேர்த்து அடுக்கினேன்.

விடியற்காலைத் தூறல்.
தார்ப்பாயை ஓர் இண்டு இடுக்கு விடாமல்
இழுத்துக் கட்டினேன்.
அதுதான் தப்பு என்று அப்போது தெரியாது.
தெரியாது என்பது பொய்.
தெரிந்திருக்க வேண்டும்.
உசிலம்பட்டியில் கல்லூரி, தாவரவியல்,
இரண்டு அரியர்.

பரவையிலிருந்து மெக்கானிக் வர ஒன்பது மணி.
மாட்டுத்தாவணி சேர்ந்தபோது பதினொன்றரை.
கயிற்றை அவிழ்த்ததும்
முதலில் வாசனைதான் குதித்து இறங்கியது.
வரக்கூடாத நேரத்து வாசனை.
ஒச்சம்மாள் மூட்டைக்குள் கைவிட்டு
அள்ளியதை என் முகத்துக்கு நேரே விரித்தாள்.
சாயங்காலம் ஆறு மணிக்கு
யாரோ ஒருத்தியின் பின்னலில் விரியவேண்டியவை
அத்தனையும் விரிந்து, ஓரம் பழுத்து,
தொட்டால் காம்பை விட்டுக் கழன்றன.

"மொக்குக்குத்தான் வெலை சிக்கந்தரு.
பூத்ததுக்கு ஏது வெலை?"

வெயில் என்றார் ஒருவர்.
தார்ப்பாய்ச் சூடு என்றார் இன்னொருவர்.
வாழை மண்டி அங்குச்சாமி
பூவிலேயே கோளாறு என்று சொல்லிவிட்டு
அடியில் கிடந்த தாரைப் புரட்டினார்.
இரண்டு சீப்பு, நல்ல மஞ்சள்.
யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

"தாவர ஹார்மோன்கள் வளர்ச்சியை
எவ்வாறு நெறிப்படுத்துகின்றன? விளக்குக."
அன்று ஐந்து பெயர் எழுதினேன்.
ஒன்றில் எழுத்துப்பிழை.
அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

இப்போது எழுதுகிறேன்,
டீக்கடை பெஞ்சில், ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம்.

செடிக்குத் தலை கிடையாது. நுனி உண்டு.
நுனியில் ஊறும் ஆக்சின்
சொட்டுச் சொட்டாய்க் கீழே இறங்கும்.
இறங்குகிற வரைக்கும்
பக்கத்துக் கணுக்கள் கண் திறக்காது.
மார்கழியில் மல்லிகைக்குக் கவாத்து செய்கிறார்களே,
கத்தரி வெட்டுவது கிளையை மட்டுமல்ல,
மேலிருந்து வரும் அந்தப் பேச்சையும்தான்.
பேச்சு நின்ற பத்தாம் நாள்
கணுவுக்குக் கணு ஒரு தளிர்.
(நான் மூன்றாவது பிள்ளை.
இதை எழுதினால் மதிப்பெண் கிடையாது.)

செல்லம்பட்டியில் எங்கள் மானாவாரிச் சோளம்
ஆவணியில் மழை தப்பினால் என்ன செய்யும்?
ஈரம் தீர்வதை வேர் மோப்பம் பிடித்துவிடும்.
அப்சிசிக் அமிலம் என்று ஒரு துக்கச் சேதி
இலை இலையாய்ப் போகும்.
கண்ணுக்குத் தெரியாத வாய்களெல்லாம் மூடிக்கொள்ளும்.
வாயை மூடினால் சோறும் இல்லைதான்.
பட்டினி கிடக்கலாம், வற்றிச் சாகக்கூடாது
என்று சோளத்துக்கு யார் சொன்னது?
யாரும் இல்லை. சேதியே போதும்.

இதெல்லாம் ஒரு செடிக்குள் நடக்கும் குடும்ப விவகாரம்.
எத்திலீன் மட்டும் வேலி தாண்டும்.
வெறும் வாயு. நிறம் இல்லை.
மணம் கொஞ்சம் உண்டாம்,
மல்லிகை மூட்டைக்கு முன்னால் அது எங்கே எடுபடும்?
பழுத்த சீப்பு பழுக்காத தாரிடம்
இருட்டில் ஏதோ சொல்லியிருக்கிறது.
பூ மூட்டையின் காதிலும் விழுந்திருக்கிறது.
ஒரே சொல்.
வாழைக்கு அது 'கனி' என்று கேட்டது.
மல்லிகைக்கு
'போதும்' என்று கேட்டது.

வெப்பமும் சேர்ந்திருக்கலாம்.
விடைத்தாளில் அதையும் எழுதவேண்டும்,
அரை மதிப்பெண்ணாவது கிடைக்கும்.

ஒச்சம்மாள் எண்ணூறு ரூபாய் பிடித்துக்கொண்டாள்.
அங்குச்சாமி, புகை போடாமலே பழுக்குதே என்று
டீக்கு ஐம்பது கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

நாளைக்கும் இரண்டையும்தான் ஏற்றுவேன்.
டீசல் விற்கும் விலை அப்படி.
தார்ப்பாயில் மட்டும், பூ இருக்கும் பக்கமாய்,
ஒரு மூலையைக் கட்டாமல் விடுவேன்.
வழி நெடுக அது படபடவென்று அடிக்கும்.
அடிக்கட்டும்.