பார்த்தவை

அவலாஞ்சியில் வனத்துறை வண்டிக்கு
ஆளுக்கு ஒரு சீட்டு.
பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறது:
விலங்குகள் தென்படாவிட்டால்
நிர்வாகம் பொறுப்பல்ல.
போகும்போது யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை.
வந்த பிறகு நான்தான் திருப்பிக் காட்டுவேன்.

தீபாவளிக்கு மறுவாரம்.
பன்னிரண்டு பேர், ஒரு கைக்குழந்தை.
முதல் வளைவிலேயே மஞ்சு இறங்கிவிட்டது.
கண்ணாடியைத் துடைக்கத் துடைக்கத்
துணிதான் நனைந்தது.

"புலி வருமாண்ணே?"
"வரும்."
"எப்போ?"
"நாம போனப்புறம்."
ஒரு நாளைக்கு நாலு நடை,
நாலு நடையிலும் இதற்குச் சிரிப்பார்கள்.
அன்று சிரிக்கவில்லை.
கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன்
டிரைபாடின் மூன்று காலையும் விரித்துப் பார்த்து
திரும்ப மடக்கினான்.

கடைசி சீட்டில் கஸ்பார்.
தூத்துக்குடிக்குத் தெற்கே ஏதோ ஊர்.
கடலுக்குப் போகிறவர் என்று கை சொன்னது:
இரண்டு உள்ளங்கையிலும்
ஒரே இடத்தில் கயிறு அறுத்த தழும்பு.
மகளை ஊட்டியில் நர்சிங் சேர்த்துவிட்டு
பஸ்ஸுக்கு நேரம் கிடந்ததால் வந்தாராம்.
அவர் மனைவி எலுமிச்சையை முகர்ந்தபடி
கண்ணை மூடிக்கொண்டே
காட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கடல்ல திமிங்கிலம் உண்டு" என்றார், பொதுவாக.
டிரைபாட் திரும்பியது.
"படம் இருக்கா?"
"கையில வலை இருந்துச்சு."

"முதுகு கொஞ்சம்போலத் தெரியும்.
அதுக்கு முன்னால மூச்சு.
மூட்டை இறக்கி வச்சவன் விடுவானே, அப்படி.
இருட்டுல, பக்கத்துல.
இஞ்சினை அணைச்சிட்டு உக்காந்திருப்போம்.
அது போயிட்டுதுன்னு
நாமளாத்தான் முடிவு பண்ணணும்.
அது சொல்லாது."

யாரும் கேட்காமலே
கரையேறிய கதைக்கு வந்தார்.
ஒரு தை மாதம், கூட்டமாய்.
படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டார்களாம்;
விடிவதற்குள் அதே மணலில்
அதே வரிசையில் கிடந்தனவாம்.
பார்க்க ஊர் ஊராய் வேன்.
"நானும் வித்தேன் தம்பி, சுக்குக் காப்பி.
முதல் நாள் தள்ளுனேன்.
ரெண்டாம் நாளும் தள்ளுனேன்.
மூணாம் நாள் காப்பிதான்.
நாலாயிரம் கெடச்சுது."

குழந்தைக்கு மட்டும் பிஸ்கட் வேண்டியிருந்தது.
மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்,
ஜன்னலில் ஒன்றும் இல்லை.

நானும் சொல்லியிருக்கலாம்.
எங்கள் ஹட்டிக்குக் கீழே
கேரட் தோட்டத்துக் கம்பியில் மாட்டிச் செத்த
காட்டெருமையைப் பார்க்க வந்த கார்களுக்கு
நிறுத்த இடம் காட்டியவன் நான்.
காருக்குப் பத்து ரூபாய்.
சொல்லவில்லை.
யூனிஃபார்ம் போட்டிருந்தேன்.

சோலை வந்து சாலையைத் தொடுகிற இடம்.
விதிப்படி அங்கே நிறுத்தக் கூடாது.
இஞ்சினை அணைத்தேன்.
இலை நுனிகளிலிருந்து
எப்போதோ பெய்த மழை
இப்போது விழுந்துகொண்டிருந்தது.

பிறகு இடப்பக்கம்,
கதவைத் திறந்தால் இடிக்கும் தூரத்தில்,
மூட்டை இறக்கி வைத்தவன் விடுவது போல
ஒரு தரம்.
சற்றுத் தள்ளி இன்னொரு தரம்.

கண்ணாடியில் ஒரு வட்டம் வெளுத்தது.
தம்பி சட்டைக் கையால் துடைத்தான், போகவில்லை.
அது வெளிப்பக்கத்து ஈரம்.
கஸ்பாரின் மனைவி கண்ணைத் திறந்து
"யாரது?" என்றாள்.

போயிற்றா, நிற்கிறதா?
என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.
நான் கஸ்பாரைப் பார்த்தேன்.
அவர் வெறும் கையைத் தூக்கி
பொறு என்றார்.

இறங்கியதும் மூன்று பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
சீட்டைத் திருப்பிக் காட்டினேன்.
கஸ்பார் கேட்டது எமரால்டில்
பூண்டு கிலோ என்ன விலை என்று.

பதிவேட்டில் நாலு கட்டம்:
தேதி, வண்டி, பயணிகள், பார்த்தவை.
கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மறுநாள் வனவர் பக்கத்தைப் புரட்டி,
"என்ன ஜோகி, ஒண்ணுமே தென்படலையா?"
"தென்படல சார்."
மேலிடத்துக்குப் போகிற கணக்கு.
என் பையிலிருந்த பேனாவை எடுத்து
அவரே எழுதிக்கொண்டார்,
கடமான் 2.