மூன்று சர்க்கரைக் கட்டி

பானியா லூகாவில் செப்டம்பர்.
குளிர்பானக் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே
என் கூடாரம்:
ஒரு எந்திரம், ஒரு தராசு, சுருள் சுருளாய் நரம்பு.
டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டித் தருவேன். இருபது மார்க்.
ஆட்டத்தின் நடுவே அறுந்து வந்தால் முப்பது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.
தராசு வைத்திருப்பவளுக்குத் தெரியும்,
கூடம் சில நாள் உண்மையாகவே கோணல்தான்.

காஷ்பர் இரவு பத்து மணிக்கு வந்தான்.
ஸ்லோவேனியக்காரன். முப்பத்தொன்று வயது.
தரவரிசையில் நூற்று அறுபத்தெட்டு.
மார்ச்சில் புது ஒப்பந்தம், அதோடு புது மட்டை,
நீலத்தில் எலுமிச்சை மஞ்சள் கோடு.
பழையதைவிடப் பதினைந்து கிராம் குறைவு.

பதினைந்து கிராம் என்றால்
இங்கே காபிக்குப் பக்கத்தில் வைக்கிற
சர்க்கரைக் கட்டி மூன்று.

அந்த மூன்று கட்டி இல்லாமல்
அவனுடைய பின்கை வெட்டு
வலைக்கு மேலே ஒரு சாண் மிதக்கிறது.
எதிராளிக்கு ஓடி வர நேரம், யோசிக்க நேரம்,
தலை சீவிக்கொள்ளவும்கூட.
இரண்டாம் சர்வ் கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை.
ஏப்ரலிலிருந்து ஏழு முறை முதல் சுற்றோடு சரி.
முழங்கையில் ஊசி வேறு.
லேசான மட்டை அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளாது,
கைக்குக் கொடுத்துவிடும்.

நரம்பை இளக்கிப் பார்த்தோம்,
இருபத்து நான்கு கிலோ, இருபத்து மூன்று, இருபத்தொன்றரை.
தலைப்பக்கம் ஈயப் பட்டை ஒட்டினோம்.
எடை வந்தது.
எடை இருந்த இடம் வரவில்லை.

துண்டை அவிழ்த்தான். பழைய மட்டைகள் இரண்டு, சிவப்பு.
"நீலம் அடித்துத் தருவாயா, சென்கா?
கம்பெனி ஆள் மூன்றாம் வரிசையில் கேமராவோடு உட்காருவான்."

பொய்தான். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு,
பெயின்டுக்கும் எடை உண்டு.
முதலில் பழையதைச் சுரண்டியாக வேண்டும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
சிவப்பு போனது, அடியில் வெள்ளை.
வெள்ளைக்கு அடியில் பச்சை.
பச்சைக்கும் அடியில் வெறும் கரி.

பதினேழு வயதிலிருந்து ஒரே மட்டை!
ஒப்பந்தம் மாற மாற அதற்குச் சட்டை மாற்றியிருக்கிறான்.
"இதற்கு முன்னால் யார் அடித்தது?"
"ஊருக்கு ஒருத்தர்" என்றான்,
முழங்கையை நீவியபடி.

வர்பாஸ் ஆறு மட்டும் விழித்திருந்த மூன்றேகால் மணிக்குத்
தராசில் வைத்தேன்.
அரை கிராம் கூடுதல். எங்கே என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.
காலையில் வந்தவன் அதை உள்ளங்கை அடியில் ஒரு தட்டுத் தட்டி
காதருகே கொண்டுபோனான்.
"ம்."
அவ்வளவுதான்.

முதல் செட் ஆறு-இரண்டு.
வெட்டுகள் செம்மண்ணில் எழும்பாமல் ஊர்ந்தன.
கம்பெனி ஆள் படமாய் எடுத்துத் தள்ளினான்.

எதிரே பத்தொன்பது வயது ஹங்கேரியப் பையன், பாலிண்ட்.
அவன் கையிலும் அதே நீலம்,
கடையில் வாங்கியது வாங்கியபடி, ஒரு துண்டு ஈயம்கூட இல்லாமல்.
சொந்தப் பல் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி
அவனுக்கு அது பொருந்தியிருந்தது.

இரண்டாம் செட் பாலிண்டுக்கு.
மூன்றாவதில் டை-பிரேக், ஒன்பது-ஏழு.

கூடம் நேராக இருந்தது.
ஆட்டமும் நன்றாகவே இருந்தது.
காஷ்பர் தோற்றான்.

"வலிக்கவில்லை" என்று மட்டும் சொன்னான், காசு வைக்கும்போது.
கேட்டதைவிடப் பத்து மார்க் அதிகம்.
திருப்பிக் கொடுக்கவில்லை நான்.

சாயங்காலம் ஒரு சிறுமி, அப்பாவோடு.
நீல மட்டை, விலைச்சீட்டு இன்னும் தொங்கியபடி.
காஷ்பருடையது மாதிரியே கட்ட வேண்டுமாம்.
"இது அவர் வைத்திருக்கிறது அதேதானே?"

"நிறம் அதேதான்" என்றேன்.
என் நகக்கண்ணில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.