யாரு ஆயுசு

தாழையூத்தில் கம்ப்யூட்டருக்கு
நாலு வயசுதான் விதி.
சிமென்ட் மூடை இறங்குகிற நேரம்
உள்ளே இழுத்த மூச்சில் பாதியைத்தான்
வெளியே விடும் விசிறி.

மேலப்பாளையம் மைதீன் பிச்சை
மூன்று கொட்டேஷனை மேசையில் விரித்தான்.
பெட்டியோடு ஒட்டி வருவது மலிவு,
பெட்டி செத்தால் உடன்கட்டை ஏறிவிடும்.
தனியே வாங்கினால்
லாரி மாற்றின சரக்கு மாதிரி
அடுத்த மெஷினில் ஏற்றிக்கொள்ளலாம்.
மற்றது ஆள் கணக்கு, மாச வாடகை.

“ஆயுள் உரிமம்னு போட்டிருக்கே,
யாரு ஆயுசு வே?” என்றார் அண்ணாச்சி.
கழற்றிப் போட்டிருந்த ஒரு பச்சை போர்டை
மைதீன் பிச்சை விரலால் தொட்டான்.

போன ஐப்பசி இடியில்
கல்லாப்பெட்டி மெஷின் ஒரே நொடியில் போயிற்று.
போர்டு மாற்றினோம்; புதுசாகச் சாவி கேட்டது.
பழைய ஸ்டிக்கர் முதுகில் அப்படியே,
இருபத்தைந்து எழுத்தும் பளிச்சென்று,
ஆள் போன வீட்டில்
ரேஷன் கார்டு இருக்கிற மாதிரி.

அண்ணாச்சி மகன்
பென்டிரைவில் ஒன்று கொண்டுவந்தான்.
“ஓசிப்பா. எல்லாரும் இதான் போடுதாங்க.”
“மூடையில ரெண்டு கிலோ குறைஞ்சா
கம்பெனிக்காரன சும்மா விடுவியால?”

நான் பில் புத்தகத்தின் பின்பக்கம்
நாலால் வகுத்து ஒன்பதால் பெருக்கினேன்.
ஆடியில் யாரும் வானம் தோண்டுவதில்லை,
வாடகைக்கு ஆடி தெரியாது.

கடைசியில்
குடோனில் புழுதி தின்னும் நாலுக்கும்
ஒட்டி வருவதே போதும் என்றானது.
கடையில் இருக்கிற நாலுக்குத் தனி.
மிச்சம் என்னுடையது.

“அன்னக்கனிக்கு மாச வாடகை போட்டுரு.
நாளைக்கே கல்யாணமாகிப் போயிரும்,
நிப்பாட்டிக்கிடலாம்.”
குத்தலாகச் சொல்லவில்லை,
ஃபேன் சுவிட்சைப் போடுகிற மாதிரிதான் சொன்னார்.

எனக்கு முப்பத்தாறு.
இந்த நாற்காலியில் பதினோரு வருஷம்,
மூன்று மெஷினை வழியனுப்பியாயிற்று.

மைதீன் பிச்சை கிளம்பிய பிறகு
திரை ஒவ்வொன்றாகக் கேட்டது.
பயனர் பெயர். அடித்தேன்.
முதலெழுத்து அப்பாவுடையது.
கீழே ஒரு சின்னக் கட்டம்:
நிறுத்தச் சொல்லும்வரை
தானாகப் புதுப்பிக்கவா?

விசைப்பலகைத் தூசியை ஊதிவிட்டு
டிக் அடித்தேன்.